கொல்லனா, கறிக்கடைக்காரரா

வியாழக்கிழமை காலை பத்தரை மணிக்கு என் அண்ணன் ஆறு அட்டைப்பெட்டிகளோடு எங்கள் ஏல நிறுவனத்துக்குள் நுழைந்து, என்னைத் தவிர அந்த அறையில் இருந்த எல்லாவற்றையும் பார்த்தார். மேசையைப் பார்த்தார். மின்விசிறியைப் பார்த்தார். சுவரில் தொங்கிய தீயணைப்பு சிலிண்டரைக்கூட நலம் விசாரிப்பதுபோல ஒரு நிமிடம் பார்த்தார். நான் மட்டும் கண்ணில் படவில்லை. எழுபத்திரண்டு கிலோ எடை, சிவப்பு பிரேம் போட்ட கண்ணாடி. கண்ணில் படாமல் போக நான் என்ன கொசுவா?

"எப்படிம்மா இருக்கே? முட்டி தேவலையா?" என்று கேட்டது அவர் பின்னால் வந்த அண்ணி.

"தேவலை அண்ணி. சில பேர் வந்து பார்த்திருந்தா இன்னும் சீக்கிரம் தேவலையாயிருக்கும்" என்றேன், சிலிண்டரைப் பார்த்து.

அண்ணனுக்கும் எனக்கும் பதினோரு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை. சொத்துத் தகராறு என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள். காரணம் ஒரு தகரப் பொம்மை. உள்ளங்கையில் அடங்கிவிடும்.

பொம்மை நீராவி எஞ்சின் தெரியுமல்லவா? சின்னதாக ஒரு பாய்லர், அடியில் ஸ்பிரிட் விளக்கு, தண்ணீர் கொதித்தால் பக்கத்தில் ஒரு சக்கரம் சுற்றும். சரி, சுற்றும் சக்கரம் சும்மா சுற்றிக்கொண்டிருந்தால் போதுமா? அதற்கு வேலை கொடுக்க வேண்டாமா? அதற்காகவே அந்தக் காலத்தில் துணைப் பொம்மைகளைத் தனியாக விற்றார்கள். சாணைக்கல், ரம்பம், காற்றாலை, தண்ணீர் பம்பு, எல்லாம் தகரத்தில். ஒவ்வொன்றிலும் ஒரு குட்டிக் கப்பி இருக்கும். எஞ்சின் சக்கரத்திலிருந்து அதற்கு ஒரு கயிறு மாட்டினால் சாணைக்கல் சுற்றும், ரம்பம் அறுக்கும், பம்பு தண்ணீர் இறைக்கும். எஞ்சினில் செய்தவர்களின் பெயர் இருக்கும். இந்தத் துணைப் பொம்மைகளில் பாதிக்கு மேற்பட்டவற்றில் எந்தப் பெயரும் இருக்காது. இது என்ன, யார் செய்தது, எந்தக் காலத்தது என்று கண்டுபிடிக்கக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு உட்கார வேண்டும். கப்பியில் எத்தனை பள்ளம், தகர ஓரத்தை மடித்திருக்கிறார்களா வெட்டி விட்டிருக்கிறார்களா, அடிப்பக்கத்துப் பெயின்ட் என்ன நிறம் என்று பார்க்க வேண்டும்.

இந்தப் பைத்தியம் எங்கள் இருவருக்கும் ஒரே நாளில் ஒரே பழைய சாமான் கடையில் பிடித்தது. அப்போது எனக்கு முப்பத்தொன்று, அவருக்கு முப்பத்தாறு. அவர் இவற்றைத் தேடிச் சேர்க்கிறவர் ஆனார். நான் ஏல நிறுவனத்தில் வருகிற சாமான்களை அடையாளம் கண்டு பட்டியல் எழுதுகிறவள் ஆனேன். பத்து வருடம் சேர்ந்தே சுற்றினோம், சேர்ந்தே சண்டை போட்டோம், சேர்ந்தே டீ குடித்தோம்.

அப்புறம் அந்தத் தகர மனிதன் வந்தான். ஒரு சின்ன மேடை, அதன்மேல் தொப்பி போட்ட ஒரு ஆள், அவன் எதிரே கறுப்பாக ஒரு கட்டை. பின்னால் கப்பி. கப்பியை விரலால் சுற்றினால் அவன் வலது கை கட்டைக்கு மேலே டுக் டுக்கென்று ஏறி இறங்கும். உள்ளங்கையில் ஒரு ஓட்டை. எதையோ பிடித்திருந்திருக்கிறான், அது விழுந்துவிட்டது. சுத்தியல்தான், இவன் கொல்லன், கட்டை பட்டறைக்கல் என்றார் அண்ணன். கொல்லன் தொப்பி போட்டுக்கொண்டா இரும்படிப்பான், விழுந்தது கத்திதான், இவன் கறிக்கடைக்காரர் என்றேன் நான்.

எங்கள் பழைய பொம்மைச் சங்கத்துக் கண்காட்சியில் அவர் 'கொல்லன்' என்று அட்டை எழுதி வைத்தார். கதவு திறப்பதற்கு முன்பே நான் போய் அதை எடுத்துவிட்டு 'கறிக்கடைக்காரர்' என்று வைத்தேன். செய்திருக்கக் கூடாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவரும் நாற்பது பேர் முன்னால் "இனிமே என் பொம்மை பக்கம் வராதே!" என்று கத்தியிருக்கக் கூடாது. "கொல்லன்னு ஒத்துக்கிட்டு நீயா வந்து பேசு. அதுவரைக்கும் பேச்சு கிடையாது" என்றார். "கறிக்கடைன்னு ஒத்துக்கிட்டு நீங்க வந்து பேசுங்க" என்றேன். அவ்வளவுதான். யார் முதலில் வாயைத் திறக்கிறார்களோ அவர் தோற்றவர். நான் விடாப்பிடிக்காரி, அவர் எனக்கு அண்ணன்.

போன வருடம் எனக்கு முட்டியில் அறுவை சிகிச்சை நடந்தபோது அண்ணி மூன்று நாளும் பிளாஸ்கோடு வந்தார். அந்த மூன்று நாளும் அண்ணன் கீழே வண்டி நிறுத்துமிடத்தில் காருக்குள் உட்கார்ந்திருந்தார் என்று பிறகுதான் தெரிந்தது. எனக்கு அழுகை வந்தது, அதைவிட அதிகமாக ஆத்திரம் வந்தது.

இப்போது ஞாயிற்றுக்கிழமை காலை அவர்கள் கிளம்புகிறார்கள். முதலில் ரயில், அப்புறம் விமானம், கடைசியில் அவர்கள் மகள் இருக்கிற ஏதோ ஒரு குளிரான ஊர். மகளுக்கு இரட்டைக் குழந்தைகள். வீட்டைக் காலிசெய்தாகிவிட்டது, திரும்பி வருவதாக இல்லை. ஊரில் நான்கு ஏல நிறுவனங்கள் இருந்தும் அண்ணன் சாமான்களை இங்கேதான் கொண்டுவந்திருக்கிறார். எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமைக்குள் அவர் என்னோடு ஒரு வார்த்தை பேச வேண்டும். நான் முதலில் பேசலாமே என்பீர்கள். கறிக்கடைக்காரரை எப்படி விட்டுக்கொடுப்பது?

வேலை தொடங்கியது. மேசைக்கு அந்தப் பக்கம் அண்ணன், இந்தப் பக்கம் நான், மேசை முனையில் அண்ணி. அண்ணி மடியில் பின்னல் ஊசியும் சிவப்புக் கம்பளி நூல் உருண்டையும் இருந்தன. பேரக்குழந்தைகளுக்குக் காலுறை.

"உன் நாத்தனார்கிட்ட சொல்லு" என்று அண்ணன் ஆரம்பித்தார். "இது சாணைக்கல். அடியில பச்சைப் பெயின்ட். முதல்ல வந்த மாடல்."

"அண்ணி, உங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லுங்க, பச்சைக்கு அடியில நீலம் தெரியுது. மேல ஒரு தடவை பெயின்ட் அடிச்சிருக்காங்க."

"ஏங்க, நீலம் தெரியுதாம்."

"எனக்குக் காது கேக்குது."

"அப்ப அவகிட்டயே சொல்ல வேண்டியதுதானே?"

இருவரும் சாணைக்கல்லைக் கவனமாகப் பார்த்தோம். அண்ணி பெருமூச்சு விட்டுக்கொண்டு அடுத்த வரிசையைப் பின்னினார்.

ரம்பம் வந்தது. பம்பு வந்தது. உள்ளே சீப்பு மாதிரி பல் வைத்த இசைப்பெட்டி ஒன்று வந்தது. நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் "ஆகா!" என்றோம், உடனே வேறுவேறு பக்கம் திரும்பிக்கொண்டோம். பத்தொன்பதாவதாக ஒரு காற்றாலை. அண்ணன் அதை இரண்டு கையாலும் எடுத்து வைத்தார்.

"இது மாதிரி இன்னொன்னு கிடையாதுன்னு சொல்லு. மெதுவா தொடச் சொல்லு."

நான் மெதுவாகவே தொட்டேன். பல் டாக்டர் வைத்திருப்பதுபோல் என்னிடம் ஒரு குட்டிக் கண்ணாடி உண்டு. அதை இறக்கைக்கு அடியில் விட்டுப் பார்த்தேன். பார்த்ததும் சிரிப்பு தொண்டையை அடைத்துக்கொண்டது. தகரத்தின் பின்பக்கம் முழுக்க அச்செழுத்து.

"அண்ணி, இந்த இறக்கையை யாரோ பிஸ்கட் டப்பாவுல வெட்டியிருக்காங்க. 'ஈரம் படாத இடத்தில் வைக்கவும்'னு எழுதியிருக்கு."

அண்ணன் கண்ணாடியை வாங்கிப் பார்த்தார். அவர் சிரிப்பை அடக்கினால் காது சிவக்கும். இரண்டு காதும் நூல் உருண்டையின் நிறத்துக்கு வந்துவிட்டன. நான் உதட்டைக் கடித்துக்கொண்டு பட்டியலில் குனிந்தேன். இன்னும் ஒரு நிமிடம் போயிருந்தால் இருவரும் உடைந்திருப்போம். ஆனால் அவர் சுதாரித்துக்கொண்டு கடைசிப் பெட்டியைத் திறந்தார்.

உள்ளே தகர மனிதன்.

எங்கள் மேலாளர் எட்டிப்பார்க்க அந்த நேரம்தானா கிடைக்க வேண்டும்? அவருக்கு நாங்கள் வைத்த பெயர் ரூல்ஸ். "எல்லாம் முடிஞ்சுதா? பெயர் தெரியாத பொருளை ஏலத்துல எடுக்க மாட்டோம். என்ன பொருள்னு எழுதி, சொந்தக்காரரும் பட்டியல் எழுதுறவங்களும் கையெழுத்துப் போடணும். ரெண்டு கையெழுத்தும் வேணும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

"கொல்லன்னு எழுதச் சொல்லு" என்றார் அண்ணன்.

"கறிக்கடைக்காரர்னு கையெழுத்துப் போடச் சொல்லுங்க" என்றேன் நான்.

"சுத்தியல் பிடிக்கிற கை அது. பார்த்தாலே தெரியலையான்னு கேளு."

"தொப்பி எதுக்குன்னு கேளுங்க. பட்டறையில வெயிலடிக்குதா?"

"கொல்லன்!"

"கறிக்கடை!"

"போதும்!" என்றார் அண்ணி.

இருபத்தெட்டு வருடமாக எனக்கு அவரைத் தெரியும். குரல் உயர்த்தி ஒருநாளும் கேட்டதில்லை. பின்னல் ஊசியை மேசையில் டமாரென்று வைத்தார். "பதினோரு வருஷமா நடுவுல நின்னு ரெண்டு பக்கமும் தலையை ஆட்டி என் கழுத்து எலும்பே தேஞ்சுபோச்சு. இது ஓடுற பொம்மைதானே? ஒரு தடவையாவது ஓட்டிப் பார்த்தீங்களா ரெண்டு பேரும்?"

நாங்கள் இருவரும் திகைத்துப்போய் அவரைப் பார்த்தோம். ஓட்டிப் பார்ப்பதா? பழைய பொம்மையை நீராவியிலா? பெயின்ட் கொப்பளிக்கும், ஈயப்பற்று விடும். சேர்க்கிறவர்கள் எவரும் ஓட்ட மாட்டார்கள். விரலால் அரைச் சுற்று சுற்றிப் பார்ப்போம், அதுவும் முன்பக்கமாக மட்டும். பின்பக்கம் சுற்றவே கூடாது என்பது எங்கள் சங்கத்தில் முதல் விதி. உள்ளே சின்ன நாக்கு மாதிரி ஏதாவது இருந்தால் ஒடிந்துவிடும்.

அண்ணிக்கு எந்தச் சங்கமும் கிடையாது. அண்ணன் பெட்டியில் கொண்டுவந்திருந்த எஞ்சினைத் தூக்கி மேசை நடுவில் வைத்தார். தன் தண்ணீர் பாட்டிலைத் திறந்து பாய்லரில் ஊற்றினார். நான் சாமான் துடைக்க வைத்திருந்த ஸ்பிரிட்டை விளக்கில் விட்டார். பெட்டியோடு வந்த தீக்குச்சியைக் கிழித்தார்.

"வேண்டாம்னு சொல்லுங்க அண்ணி!"

"வேண்டாம்னு சொல்லு... ஐயோ, உன்கிட்டதான் சொல்றேன், வேண்டாம்!"

"யார் யாருக்குச் சொல்றதுன்னு முதல்ல முடிவு பண்ணுங்க" என்று சொல்லிவிட்டு, அண்ணி சிவப்பு நூலில் ஒரு துண்டு வெட்டி முடிச்சுப் போட்டு, எஞ்சின் சக்கரத்திலும் தகர மனிதனின் கப்பியிலும் மாட்டினார். நூல் தொளதொளவென்று தொங்கியது. அதை இறுக்க நடுவில் ஒரு முறுக்குப் போட்டார், எட்டு மாதிரி. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பாய்லர் உறுமியது, பொருமியது, உச்சியில் ஒரு சொட்டு தண்ணீரைத் துப்பியது. அண்ணி சக்கரத்தை விரலால் ஒரு தட்டுத் தட்டினார். எஞ்சின் கிர்ரென்று ஓட ஆரம்பித்தது.

நூலை எட்டு மாதிரி மாட்டினால் என்ன ஆகும்? எஞ்சின் ஒரு பக்கம் சுற்றும், கப்பி அதற்கு எதிர்ப்பக்கம் சுற்றும்.

"பின்னால சுத்துது!" என்று அண்ணனும் நானும் ஒரே குரலில் அலறினோம். யாரையும் பார்த்துச் சொல்லாததால் அது கணக்கில் வராது.

தகர மனிதனுக்குள் க்ளிக்கென்று ஒரு சத்தம். போச்சு, நாக்கு ஒடிந்தது என்று கண்ணை மூடிக்கொண்டேன். ஒடியவில்லை. இத்தனை காலம் மடங்கிக் கிடந்த நாக்கு அப்போதுதான் நிமிர்ந்திருக்கிறது. கண்ணைத் திறந்தபோது அவன் கை கட்டையைவிட்டு மேலே போய்க்கொண்டிருந்தது. இடுப்பைத் தாண்டியது. நெஞ்சைத் தாண்டியது. நேராகத் தலைக்குப் போனது. தொப்பியின் உச்சியில் ஒரு குமிழ் உண்டு. வெறும் ஈயத்துளி என்று நாங்கள் இருவரும் தனித்தனியாகக் குறிப்பெழுதி வைத்த குமிழ். உள்ளங்கை ஓட்டை அதில் கச்சிதமாக உட்கார்ந்தது. தொப்பி தூக்கிக்கொண்டது.

அடியில் மொட்டைத் தலை. அதில் மூன்றே மூன்று முடி வரைந்திருந்தார்கள்.

தொப்பி தலையில் இறங்கியது. மறுபடி ஏறியது. இறங்கியது, ஏறியது. எங்கள் மூன்று பேருக்கும் ஓயாமல் வணக்கம் சொல்லிக்கொண்டிருந்தான்.

முதலில் அண்ணிதான் சிரித்தார். சிரித்த வேகத்தில் நூல் உருண்டை உருண்டு கதவுவரை போனது. அண்ணனின் காது சிவந்தது, கழுத்து சிவந்தது, அப்புறம் எல்லாம் போயிற்று.

"பாப்பா!" என்று கத்தினார். "பாப்பா, அங்க பாரு, மூணே முடி!"

ஐம்பத்திரண்டு வயதில் என்னைப் பாப்பா என்று கூப்பிட உலகத்தில் ஒரே ஒரு ஆள்தான் உண்டு. பதினோரு வருடம் கழித்துக் கூப்பிட்டார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்து மூக்கில் மோதின.

"நீங்கதான் முதல்ல பேசினீங்க" என்றேன், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே.

"கொல்லனும் இல்லை, கறிக்கடையும் இல்லை. தோத்தது ரெண்டு பேரும். ஆட்டம் செல்லாது!"

"அண்ணா, பதினோரு வருஷம், அண்ணா. ஒரு தொப்பியைத் தூக்கிப் பார்த்திருந்தா..."

"பெயின்ட் உரிஞ்சிருமேன்னு தொடலை, பாப்பா."

அந்த நேரம் பார்த்து மேலே இருந்த புகைக் கருவி விழித்துக்கொண்டு வீலென்று அலறியது. ரூல்ஸ் தீயணைப்பு சிலிண்டரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஓடிவந்தார். "யாரைக் கேட்டு நெருப்பு வச்சீங்க? விதிமுறை நாலு, உட்பிரிவு..." தகர மனிதன் அவரைப் பார்த்துத் தொப்பியைத் தூக்கினான். ரூல்ஸ் தன்னையறியாமல் தலைகுனிந்து பதில் வணக்கம் சொன்னார். அதற்கப்புறம் எங்களால் நிற்க முடியவில்லை. நான் நாற்காலியில் விழுந்தேன், அண்ணன் காலி அட்டைப்பெட்டிக்குள் விழுந்தார்.

விளக்கை அணைத்து எல்லாம் அடங்கியதும் அண்ணன் பொம்மையைக் கையில் எடுத்தார். நீராவி பட்டு அந்தக் கறுப்புக் கட்டையில் அழுக்கு இளகியிருந்தது. கைக்குட்டையால் ஒற்றினார். பழுப்பு நிறம் வந்தது. மேலே ஒரு கைப்பிடி வந்தது. குறுக்கே இரண்டு பட்டை வந்தன.

"பெட்டி" என்றார் மெல்ல. "பயணப் பெட்டி. இவன் ஊருக்குப் போறவன், பாப்பா. எல்லாரும் வழியனுப்ப வந்திருக்காங்க. தொப்பியைத் தூக்கி, போயிட்டு வரேன்னு சொல்றான்."

எனக்குச் சுருக்கென்றது. ஞாயிற்றுக்கிழமைக்கு நடுவில் இன்னும் இரண்டு நாள்தான். அதுவரை இருந்த சிரிப்பெல்லாம் எங்கோ போய்விட்டது.

"யார் சொன்னா போறவன்னு?" என்றேன். குரல் உடைந்தது, அதற்கும் சேர்த்துச் சத்தமாகக் கத்தினேன். "வர்றவன்! இப்பதான் வந்து இறங்கிப் பெட்டியைக் கீழ வச்சிருக்கான். வீட்டு ஆளுங்களைப் பார்த்ததும் தொப்பியைத் தூக்குறான்."

"போறவன்தான். முகத்தைப் பாரு."

"முகத்தைப் பார்த்துத்தான் சொல்றேன். சிரிக்கிறான். போறவன் சிரிப்பானா?"

"மறுபடியுமா?" என்று அண்ணி தலையில் கை வைத்துக்கொண்டார். ரூல்ஸ் படிவத்தை நீட்டினார். பெயர் எழுத வேண்டிய இடம் காலியாகவே இருந்தது. பெயர் தெரியாத பொருளை ஏலத்தில் எடுக்கக் கூடாது என்று அவர்தானே சொன்னார்? அவர் விதியை அவருக்கே படித்துக் காட்டினேன்.

"அப்ப முடிவாகிறவரைக்கும் உன்கிட்டயே இருக்கட்டும்" என்றார் அண்ணன். பிஸ்கட் டப்பா காற்றாலையையும் என் பக்கம் தள்ளினார். "இதையும் வச்சுக்கோ. ஈரம் படாம."

வெள்ளியும் சனியும் என் வீட்டில்தான் இருந்தார்கள். மூன்று பேரும் தூங்கிய நேரத்தைவிடப் பேசிய நேரம் அதிகம். பதினோரு வருடத்தில் அவர் வாங்கியது, நான் பார்த்தது, எங்கள் சங்கத்தில் யார் யாரை ஏமாற்றினார்கள் என்று ஒன்று விடாமல் பேசினோம். போறவனா வர்றவனா என்று மட்டும் முடிவாகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை ரயில் கிளம்பும்போது அண்ணன் வண்டியின் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார், காலடியில் பெட்டியோடு. அவரும் எப்போதும் தொப்பி போடுகிறவர்தான், முப்பத்தைந்து வயதிலேயே முடி கொட்டிவிட்டது. வண்டி அசைந்ததும் அவர் வலது கை விறைப்பாக மேலே ஏறியது. இடுப்பு, நெஞ்சு, தலை. டுக்கென்று தொப்பியைத் தூக்கினார். இறக்கினார். மறுபடி தூக்கினார். பிளாட்பாரத்தில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். நான் சிரித்துக்கொண்டே அழுதேன், அழுதுகொண்டே அவரோடு நடந்தேன்.

"இப்பவாவது ஒத்துக்கோ, பாப்பா!" என்று கத்தினார். "போறவன்தானே?"

"வர்றவன்!" என்று கத்தினேன். "வர்றவன், அண்ணா! வர்றவன்தான்!"

வண்டி வேகம் எடுத்தது. அவர் தொப்பி ஏறி இறங்குவது தெரிகிறவரைக்கும், பிளாட்பாரம் முடிகிற இடம்வரைக்கும், அதையே கத்திக்கொண்டு அறுவை சிகிச்சை செய்த முட்டியோடு ஓடினேன்.